நல்லதங்காளும் நம் வீட்டுப் பெண்களும்



வரலாறு என்றதும் அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் நம் நினைவுக்கு வருகின்றன. பல்லாண்டு காலம் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். அவற்றின் பயனைக் குறைத்துக் கூற மாட்டேன். ஆயினும் ஒரு நாட்டின் வரலாறு அம்மட்டில் முடிந்துவிடுவதில்லை. அந்நாட்டு மக்கள் எந்தக் கதையைக் கேட்டு அழுதார்கள், எந்தக் கதைமாந்தரைத் தம்முள் ஒருவராகக் கருதினார்கள் என்பதும் வரலாறே ஆகும். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நாட்டில் நம் பெண்கள் எந்தக் கதைத் தலைவியைக் கண்டு, 'இவள் வேறு, நான் வேறு அல்லேன்' என்று எண்ணினார்கள்? அவ்வெண்ணம் அவர்கள் வாழ்வில் என்ன செய்தது? இவ்விரு வினாக்களையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இதற்குச் சான்று தேடுவது எளிதன்று. 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. எனவே நாட்குறிப்பும் கடிதமும் எழுதி வைத்துப் போன கரிசற் பெண்கள் மிகச் சிலரே. நாம் வேறு சான்றுகளையே நாட வேண்டும். திருவிழாக் கடையில் விற்ற கதைப் புத்தகம், இழவு வீட்டு ஒப்பாரி, ஊர்ப்புறக் கோயில், மக்கள் வாயில் நின்ற வழக்குச் சொல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் காணும் பெயர் ஆகிய இவையெல்லாம் நமக்குக் கல்வெட்டுகள் போன்றவை.

இச்சான்றுகள் அனைத்திலும் முதலாவதாக நிற்பவள் நல்லதங்காள். அவள் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எனினும் சுருக்கிச் சொல்கிறேன். அருச்சுனாபுரத்தில் நல்லதம்பியின் தங்கையாகப் பிறந்தவள் நல்லதங்காள். மானாமதுரைக் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு மக்களைப் பெற்றாள். வானம் பொய்த்தது, பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வந்தது. பசித்த மக்களை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டை நாடி நடந்தாள். அண்ணன் இல்லாத வேளையில் அண்ணன் மனைவி மூளி அலங்காரி கதவை அடைத்தாள். பின்பு ஓட்டைப் பானையும் எரியாத ஈர விறகும் தந்து இழிவுபடுத்தினாள். மனம் உடைந்த நல்லதங்காள் மக்கள் எழுவரையும் கிணற்றில் இட்டுத் தானும் வீழ்ந்தாள். மாண்டவர் ஈசன் அருளால் மீண்டு எழுந்தனர் எனப் பாடும் வடிவமும் உண்டு. ஆயினும் மக்கள் மனத்தில் நிலைத்தது கிணறுதான்.

அருச்சுனாபுரம் கற்பனை ஊர் அன்று. விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, மேற்கு மலையின் அடிவாரத்தில் இன்றும் உள்ளது. அங்கே நல்லதங்காளுக்குக் கோயிலும் உண்டு. கதையில் மாண்ட ஒரு பெண்ணுக்கு மக்கள் கோயில் எடுத்து வழிபடுகிறார்கள் என்றால், அவளை வெறும் கதையாக அவர்கள் கருதவில்லை என்பது தெளிவு.

இக்கதை கரிசல் நாட்டில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது ஏன்? முதற் காரணம் நம் மண். கரிசல் மண் மழையை உள்வாங்கி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த ஈரத்தை நம்பியே கம்பும் சோளமும் பருத்தியும் மானாவாரியாக விளைந்தன. வடகிழக்குப் பருவமழை ஓராண்டு தவறினால் குதிர் காலியாகும். ஈராண்டு தவறினால் ஊர் காலியாகும். 1876-இல் மழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் வழங்கினர். பல இலட்சம் மக்கள் மடிந்த அப்பஞ்சத்தின் நினைவு கரிசல் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நின்றது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சோறு தேடி நடந்த தாயை அவர்கள் கதையில் மட்டும் கண்டவர் அல்லர்.

இரண்டாவது காரணம் பஞ்சத்தினும் நீண்ட காலம் நின்றது. அது சொத்துமுறை. மகனுக்கு நிலம், மகளுக்குச் சீர் என்பதே பழைய வழக்கம். திருமணத்தன்று கொடுக்கும் நகையும் பாத்திரமும், தலைப் பொங்கலுக்கும் தலைத் தீபாவளிக்கும் வரும் வரிசையும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் செய்யும் முறையும் ஆகிய இவையே பிறந்த வீட்டில் அவளுக்குரிய பங்கு. கணவன் வீட்டில் துன்பம் நேர்ந்தால் அவள் திரும்பி வருவதற்கு ஒரே ஓர் இடம் அண்ணன் வீடு. அங்கே அவள் நிற்பது உரிமையால் அன்று, பாசத்தால். பாசம் உள்ளவரை கதவு திறந்திருக்கும். பாசம் குறைந்த அன்று அவள் நியாயம் கேட்க மன்றமும் இல்லை, காட்டுவதற்குப் பத்திரமும் இல்லை. நல்லதங்காள் கதையில் அடைபட்ட கதவு ஒவ்வொரு கரிசற் பெண்ணின் உள்ளத்திலும் இருந்த அச்சத்தின் உருவம் என்பதை இப்பொழுது நீங்கள் உணர்வீர்கள்.

'பெரிய எழுத்து' என்ற அடைமொழியுடன் சென்னையில் அச்சாகி ஊர்தோறும் விற்ற மலிவுப் பதிப்புகள் இக்கதையை வீட்டுக்குள் கொண்டு வந்தன. தெருவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் இராகம் போட்டுப் படிக்க, பருத்திக் கொட்டையை நீக்கிக்கொண்டோ கம்பு புடைத்துக்கொண்டோ மற்றவர்கள் கேட்பார்கள். என் ஆச்சி அவ்வாறு கேட்டு வளர்ந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். அவர் நல்லதங்காள் கதையைச் சொல்லும்போது இடையிடையே கதையை நிறுத்திவிட்டுத் தம் மதினி ஒருத்தி ஒரு கோடையில் கஞ்சிக்கு உப்புத் தராமல் போனதைச் சொல்வார். பிறகு மீண்டும் கதைக்குத் திரும்புவார். சிறுவனாகிய எனக்கு எது கதை, எது ஆச்சியின் வாழ்வு என்று பிரித்தறிய இயலாது. அவருக்கும் அவ்வாறு பிரிக்கும் தேவை இருந்ததாகத் தெரியவில்லை.

இதனை நாம் எளிதாகக் கருதிவிடல் ஆகாது. 'என் அண்ணன் என்னைக் கைவிட்டான்' என்று ஒரு பெண் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. சொன்னால் உள்ள சீரும் நின்றுபோகும். ஆனால் நல்லதங்காளுக்காக அவள் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். அதனை எவரும் குற்றமாகக் கொள்ள மாட்டார்கள். தன் பெயரில் பேச இயலாதவளுக்குக் கதைத்தலைவி தன் பெயரைக் கடன் தந்தாள்.

கடல் கடந்த நாடுகளிலும் இதனைக் காண்கிறோம். நம் நாட்டில் தாது வருடப் பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு, 1879-இல், நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சன் 'பொம்மை வீடு' என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதன் தலைவி நோரா, தன்னைப் பொம்மையாக நடத்திய கணவன் வீட்டை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். ஐரோப்பாவில் அந்நாடகம் எழுப்பிய வாதம் பெரிது. நோராவின் கதவு அவளே வெளியிலிருந்து சாத்தியது. நல்லதங்காளின் கதவு உள்ளிருந்து அவளுக்கு அடைக்கப்பட்டது. வெளியேறும் பெண்ணுக்குப் போக்கிடம் உண்டா என்ற வினாவோ இரு கதைகளுக்கும் பொதுவானது.

நம் பெண்கள் நல்லதங்காளை மட்டுமே அறிந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டா. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையும் அதே பெரிய எழுத்தில் விற்றது. ஆண் துணை வேண்டாது மதுரையை ஆண்ட அல்லியை அருச்சுனன் சூழ்ச்சியால் மணந்தான் என்பது கதை. அக்கதையைக் கேட்ட பெண்களுக்கு அல்லி பெருமிதம் தந்திருப்பாள். ஆனால் ஊர் வழக்கில் அவள் பெயர் எவ்வாறு நின்றது? மனைவி சொல் நடக்கும் வீட்டை 'அல்லி தர்பார்' என்று எள்ளி நகையாடினார்கள். பிள்ளைகள் பலரோடு பிறந்த வீடு வரும் பெண்ணை 'நல்லதங்காள் வருகிறாள்' என்று கேலி செய்ததும் உண்டு. பெண்கள் தமக்கென எடுத்துக்கொண்ட பெயர்களைப் பிறர் அவர்கள் மேலேயே திருப்பி வீசினார்கள் என்பதற்கு இவ்வழக்குகள் சான்று.

நாடக மேடையிலும் இந்நிலையே. தூத்துக்குடிச் சீமை தந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களை எழுதி ஊரெங்கும் பரப்பினார். அவர் காலத்துப் பாலர் சபைகளில் பெண் வேடம் பூண்டவர்கள் சிறுவர்களே. எழுதியவர் ஆண், நடித்தவர் ஆண், பார்த்துக் கலங்கியவர்களுள் பாதிப் பேர் பெண்கள். பெண்ணின் துயரம் மேடையில் இருந்தது. பெண்ணின் சொல் இன்னும் மேடை ஏறவில்லை.

இந்நிலையில் மாறுதலின் குரல் நம் கரிசல் மண்ணிலிருந்தே எழுந்தது நமக்குப் பெருமை. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார், 1905-இல் தொடங்கிய 'சக்கரவர்த்தினி' என்னும் மாதர் இதழுக்கு ஆசிரியராக இருந்தார். பின்னர்ப் பாஞ்சாலி சபதம் பாடினார். அதன் முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் மறைந்தபின் 1924-இல் அச்சாயிற்று. பாஞ்சாலியும் கைவிடப்பட்டவளே, அவளும் கண்ணீர் விட்டவளே. ஆயின் அவள் சபையில் சட்ட வினா ஒன்றை எழுப்பினாள். தன்னையே தோற்றுவிட்டவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்பதே அவ்வினா. அழுதவள் வழக்குரைத்தாள். பள்ளி ஆண்டு விழாக்களில் பாஞ்சாலி வேடத்தை விரும்பிக் கேட்டுப் பெற்ற மாணவியரை நான் கண்டிருக்கிறேன். வாய் திறந்து பேசாத பெண்கூட அவ்வேடத்தில் தலை நிமிர்ந்து நிற்பாள்.

பெண்ணின் கதையைப் பெண்ணே எழுதும் காலமும் வந்தது. பள்ளிப் படிப்பு இல்லாத வை. மு. கோதைநாயகி அம்மாள், தம் முதற் படைப்பைத் தோழி ஒருவர் எழுதத் தாம் வாய்மொழியாகச் சொன்னவர். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். பின்பு கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. அக்கதையில் வரும் குந்தவையை நோக்குங்கள். அவளும் ஒருவனுக்கு உடன்பிறந்தவள். ஆனால் உடன்பிறந்தான் வாசலில் கையேந்தி நிற்பவள் அல்லள். அவனுக்கு வழிகாட்டும் தமக்கை. இது வெறுங் கற்பனையும் அன்று. இராசராசனின் தமக்கை குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த கொடைகளை அக்கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. கொடுப்பதற்குத் தன் பொருள் உடையவளாக இருந்தாள் என்பதே அங்கு நாம் காண வேண்டிய செய்தி.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டும் பழக்கம் எனக்கு உண்டு. பழைய பதிவேடுகளில் மாரியம்மாளும் காளியம்மாளும் வேலம்மாளும் வரிசையாக நிற்பார்கள். பிந்திய பதிவேடுகளில் குந்தவையும் வானதியும் பூங்குழலியும் இடையிடையே தலை காட்டுகிறார்கள். கதை படித்த தாய் ஒருத்தி தன் மகள் எவ்வாறு வாழ வேண்டும் என்று எண்ணினாள் என்பதை அப்பெயர் சொல்கிறது. ஆனால் நான் பார்த்த பதிவேடுகளில் நல்லதங்காள் என்ற பெயரை ஒருமுறையும் கண்டதில்லை. இது என்னை நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. நல்லதங்காளுக்காக அழுத பெண்கள் அப்பெயரைத் தம் மகளுக்கு இடவில்லை. அவளுடைய துயரத்தைத் தமதாகக் கொண்டார்கள்; அவள் முடிவைத் தம் வீட்டிற்குள் அனுமதிக்கவில்லை. இரவில் கதை கேட்டு அழுதவர்கள் விடியற்காலையில் களைக்கொத்தும் கையுமாகப் பிஞ்சைக்குப் போனார்கள்.

எனினும் கதையின் அச்சம் முற்றும் நீங்கியதோ? அன்று. 1961-இல் 'பாசமலர்' படம் வந்தது. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையாக நடித்த அப்படத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டகையிலிருந்து கண் சிவக்க வெளிவந்த பெண்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அப்படம் பின்னர் ஒலிச்சித்திரமாகவும் வீடுகளை எட்டியது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியும் திண்ணையில் பெட்டி ஒட்டியும் உழைத்த நம் பெண்கள், கை வேலையில் இருக்க, காதால் ராதாவின் துயரத்தைக் கேட்டார்கள். 1993-இல் பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' வந்தபோதும், அண்ணனுக்கும் கணவனுக்கும் இடையே தவித்த விருமாயியைத் தங்களில் ஒருத்தியாகவே கொண்டார்கள். பெரிய எழுத்துப் புத்தகம் போய்த் திரை வந்தது. திரையிலும் நின்றது அதே அண்ணன் வீட்டு வாசல்.

இங்கே மாணவியர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கதை கேட்ட எல்லாப் பெண்களும் தம்மை நல்லதங்காளாக எண்ணினார்கள். தன்னை மூளி அலங்காரியாக எண்ணியவர் எவரும் இல்லை. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். உடன்பிறந்தான் உள்ள ஒவ்வொரு பெண்ணும் பிறந்த வீட்டில் நல்லதங்காள். கணவனுக்குத் தங்கை உண்டெனில், புகுந்த வீட்டில் அவளே அலங்காரி. அலங்காரியும் தன் பிறந்த வீட்டில் பங்கில்லாமல் வந்தவள்தான். பஞ்ச காலத்தில் குதிரில் உள்ளது தன் பிள்ளைகளுக்கே போதாது என்று அவள் அஞ்சியிருக்கலாம். அவள் செய்தது கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தங்கைக்கு நிலத்தில் ஒரு காணி உரிமையாக இருந்திருந்தால் அவள் மதினியின் கதவைத் தட்ட வேண்டிய நிலையே வந்திராது. கதை இரு பெண்களையும் வாசலின் இருபுறத்தில் நிறுத்திப் பகையாக்கியது. அவ்வாசலை வகுத்த சொத்துமுறையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

வரலாறு அதனைப் பற்றிப் பேசியது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. ஆனால் கூட்டுக் குடும்பப் பூர்விகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையைத் தரவில்லை. தமிழ்நாடு 1989-இல் அவ்வுரிமையையும் சட்டமாக்கியது. எனினும் அதற்கு முன்பே மணமான பெண்களுக்கு அது கிட்டவில்லை. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியா முழுமைக்கும் மகளை மகனுக்கு நிகராக்கியது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பால் வருவதே என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது.

சட்டம் வந்தது, கதவு திறந்ததோ? கிராமத்தில் ஆசிரியராக இருப்பவரிடம் மக்கள் பத்திரங்களைப் படித்துக் காட்டச் சொல்லி வருவது வழக்கம். ஒருமுறை நடுவயதுப் பெண்மணி ஒருவர் விடுதலைப் பத்திரம் ஒன்றைக் கொண்டு வந்தார். பிறந்த வீட்டு நிலத்தில் தமக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. நான் முழுவதும் படித்துப் பொருள் சொன்னேன். கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "காணி கிடக்கட்டும் ஐயா, நாளைக்கு அண்ணன் வீட்டு வாசல் எனக்கு வேண்டுமே, நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அவர் கையெழுத்திட்டார்.

அந்த அம்மையார் அறியாமையால் அவ்வாறு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். தாம் வாழும் ஊரை அவர் நன்கு அறிந்தவர். ஆனால் ஒரு கதையின் வலிமை எத்தகையது என்பதை அன்று கண்டேன். ஆச்சி காலத்தில் பேச வாய் தந்த அதே கதை, பேத்தி காலத்தில் கையெழுத்து வாங்கும் கதையாகவும் ஆயிற்று. சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமையைவிட நெஞ்சில் உள்ள கிணறு அவருக்கு அருகில் இருந்தது.

ஆகவே மாணவியரே, கதைத்தலைவியரோடு ஒன்றிப்போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு ஒன்றுவது மனித இயல்பு. அதனால் நெஞ்சம் விரிகிறது. இன்று நீங்கள் திரையிலும் தொலைக்காட்சித் தொடரிலும் கைபேசியிலும் காணும் தலைவியர் எண்ணற்றவர். எவளைக் கண்டு உங்கள் உள்ளம் உருகினாலும், அவளுக்கு அந்நிலை வந்தது எதனால் என்று ஒரு முறை கேளுங்கள். அவள் கையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று பாருங்கள். அவளுக்கு எதிராக நிறுத்தப்பட்ட பெண் யார், அவள் எங்கிருந்து வந்தவள் என்றும் எண்ணுங்கள். மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கதையில் நல்லதம்பி தங்கையின் மேல் உயிரையே வைத்திருந்தான், மனைவியைத் தண்டித்தான், தானும் மாண்டான். அவன் பாசம் அவளைக் காக்கவில்லை. தங்கைக்கு உரியதைக் காலத்தில் கொடுப்பது, பின்னால் அழுவதினும் மேலானது.

நிறைவாக, வரலாற்று மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டு மூத்த பெண்மணியிடம் சென்று, இளமையில் எந்தக் கதையைக் கேட்டு அல்லது எந்தப் படத்தைப் பார்த்து அழுதீர்கள் என்று கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், உடன் இருந்தவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் கதையைச் சொல்லும்போது இடையே நிறுத்தித் தம் வாழ்வைச் சொல்லத் தொடங்கினால் தடுக்காதீர்கள். அப்பகுதியையே சிறப்பாக எழுதி வையுங்கள். கரிசல் நாட்டுப் பெண்களின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத ஏடுகள் அவை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.